பக்ஸ் பன்னியும் பபூனும்: கார்ட்டூனுக்குள் ஆபரா எப்படி வந்தது?

போன பங்குனியில் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு, சொந்தக்காரர் வீட்டுக் கோயில் பொங்கலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். ராத்திரி 'வள்ளி திருமணம்' நாடகம் போட்டிருந்தாக. பத்து மணிக்கு மேல்தான் ஆர்மோனியம் சத்தமே கேட்டது. முதலில் பபூன் வந்தார். வழுக்கி விழப்போகிறவர் மாதிரி ஒரு காலைத் தூக்கினார். மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆல்ரவுண்டுக்காரர் மிகச் சரியாக அந்த நொடியில் ஒரு தட்டு தட்டினார். 'டொய்ங்'.

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் என் கையைச் சுரண்டினாள். "அப்பா, இது டாம் அண்ட் ஜெர்ரி சத்தம்ல?"

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பபூனே ஒரு பழைய நாடகப் பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு, அதே இழுப்பு, அதே கமகத்தோடு, ரேஷன் கடையில் வரிசையில் நிற்கும் கஷ்டத்தைப் பாடினார். எங்களுக்குப் பின்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பாட்டிமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. "எதுக்குப்பா அவுக இப்படிச் சிரிக்காக?" என்று கேட்டாள். எனக்கே பாதிதான் புரிந்தது. மூலப் பாட்டு எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும்.

இந்த இரண்டு கேள்வியும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. பழைய ஹாலிவுட் கார்ட்டூன்களில் ஏன் இவ்வளவு ஆபரா இசை இருக்கிறது? பூனையும் எலியும் முயலும் அடித்துக்கொள்கிற படத்துக்கு, இத்தாலியக்காரரும் ஜெர்மானியரும் நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய இசை எதற்கு? சில மாதமாகத் தேடிப் படித்ததையும் பார்த்ததையும் இங்கே தொகுத்து வைக்கிறேன்.

ஆபரா: நமக்குத் தெரிந்த ஒன்றுதான்

ஆபரா என்றால் பாட்டாலேயே நடக்கும் நாடகம். காதல், சண்டை, சாவு எல்லாமே பாடித்தான். கீழே ஒரு பெரிய வாத்தியக் குழு. திரை விலகும் முன் அந்தக் குழு மட்டும் வாசிக்கும் முன்னிசைக்கு 'ஓவர்ச்சர்' என்று பெயர். 1600-ஐ ஒட்டி இத்தாலியில் தொடங்கி, 19ஆம் நூற்றாண்டில் ரோஸினி, வெர்டி, வாக்னர் காலத்தில் உச்சத்துக்குப் போன கலை.

நம்ம பக்கத்து ஆளுக்கு இதைப் புரியவைக்க ரொம்பத் தூரம் போகவேண்டாம். தூத்துக்குடிப் பக்கம் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) கட்டமைத்த இசை நாடகம் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுவிட்ட தம்பி. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி எல்லாமே பாட்டும் தர்க்கமுமாகப் போகும். ராஜபார்ட், ஸ்திரிபார்ட், பபூன் என்று பிரிவு உண்டு. ஸ்பெஷல் நாடகத்தில் இன்னொரு அதிசயம்: நடிகர்களுக்கு ஒத்திகையே கிடையாது. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டு, ராத்திரி மேடைக்குப் பின்னால்தான் சந்திக்கிறார்கள். பாடம் எல்லோருக்கும் பொது என்பதால் நாடகம் நடந்துவிடுகிறது. ஒரே விதிமுறையில் பேசும் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு முன்பின் அறிமுகம் தேவையில்லை என்பதைப் போல.

இந்த 'எல்லோருக்கும் பொது' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

முதல் காரணம்: ஊமைப்பட வாத்தியக்காரர்கள்

கார்ட்டூனுக்கு இசை போட்டவர்கள் யார் என்று பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடுகிறது. வார்னர் பிரதர்ஸின் பக்ஸ் பன்னி, டாஃபி டக் படங்களுக்கு 1936 முதல் 1958 வரை இசையமைத்தவர் கார்ல் ஸ்டாலிங். அவர் அதற்கு முன் கான்சஸ் சிட்டியில் ஊமைப்படத் தியேட்டரில் ஆர்கன் வாசித்தவர். 1928-ல் வால்ட் டிஸ்னியிடம் சேர்ந்தார். எலும்புக்கூடுகள் ஆடும் 'தி ஸ்கெலிட்டன் டான்ஸ்' (1929) படத்துக்கு யோசனை கொடுத்தவரும் அவர்தான்.

ஊமைப்படத்துக்கு வாசிப்பவருக்குப் படத்தை யோசித்து இசை எழுத நேரம் கிடையாது. திரையில் புயல் வந்தால் கைவசம் ஒரு புயல் இசை வேண்டும். குதிரை ஓடினால் ஓட்ட இசை, கல்யாணம் என்றால் கல்யாண இசை. இவற்றுக்கெல்லாம் தயாராகக் கிடைத்த கிடங்கு ஆபராதான். ஏனென்றால் ஆபராவில் புயலும் ஓட்டமும் கல்யாணமும் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருந்தன. ரோஸினியின் 'வில்லியம் டெல்' (1829) முன்னிசையிலேயே விடியல், புயல், இடையர் குழல், குதிரைப் பாய்ச்சல் என்று நான்கு பகுதிகள் வரிசையாக வரும்.

டிஸ்னியின் 'தி பேண்ட் கான்சர்ட்' (1935) இதை அப்படியே பிடித்துக்கொண்டது. மிக்கி மவுஸ் பூங்காவில் பேண்டு குழுவை வைத்து 'வில்லியம் டெல்' வாசிக்கிறது. நடுவில் டொனால்ட் டக் புல்லாங்குழலில் வேறொரு நாட்டுப்புற மெட்டை ஊதிக் கெடுக்கிறது. இசையில் புயல் பகுதி வரும்போது நிஜமாகவே சுழற்காற்று வந்து எல்லோரையும் தூக்கிக்கொண்டு போகிறது. ஆகாயத்தில் சுழன்றபடியே குழு வாசிப்பை நிறுத்தாமல் தொடர்கிறது. படத்தின் கதையை எழுதியவர் ஒருவகையில் ரோஸினிதான்.

இரண்டாம் காரணம்: காசு

அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஒரு படைப்புக்குப் பதிப்புரிமை அதிகபட்சம் 56 ஆண்டுகள்தான் (28 ஆண்டு, புதுப்பித்தால் இன்னொரு 28). ரோஸினி 1868-ல் இறந்தார், வாக்னர் 1883-ல். 1940-களில் இவர்கள் இசைக்கு யாருக்கும் சல்லிக்காசு தரவேண்டியதில்லை. நம்ம மொழியில் சொன்னால் திறந்த மூல நிரல்.

ஆனால் காசு மட்டுமே காரணம் என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. வார்னர் நிறுவனம் பாட்டுப் பதிப்பகங்களையே விலைக்கு வாங்கி வைத்திருந்தது. அந்தச் சினிமாப் பாட்டுகளையெல்லாம் ஸ்டாலிங் தாராளமாகப் பயன்படுத்தினார். இலவசம் என்பதற்காக மட்டும் ஆபராவுக்குப் போகவேண்டிய நிலைமை அவருக்கு இல்லை. ஆறேழு நிமிஷப் படத்துக்கு ஏறத்தாழ 50 பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ராவை உட்காரவைத்து வாசித்த நிறுவனம் அது.

இன்னொரு வேடிக்கை. 'ராபிட் ஆஃப் செவில்' (1950) என்ற பக்ஸ் பன்னி படம் ரோஸினியின் 'செவில் நகரத்து நாவிதன்' ஆபராவின் முன்னிசை மேல் கட்டப்பட்டது. அந்த ஆபரா 1816-ல் ரோமில் அரங்கேறியது. ஆனால் முன்னிசை அதற்காக எழுதப்பட்டதே இல்லை! 1813-ல் மிலானில் வேறொரு ஆபராவுக்கு ரோஸினி எழுதியது. 1815-ல் நேப்பிள்ஸில் ஒரு ராணியின் கதைக்கு எடுத்துப் போட்டார். 1816-ல் மூன்றாவது முறையாக நாவிதன் தலையில் கட்டினார். ஒரே நிரலை மூன்று ப்ராஜெக்டில் ஒட்டிய ஆள். பேரரசன் கதைக்கும் ராணி கதைக்கும் நாவிதன் கதைக்கும் பொருந்திய இசை, முயல் கதைக்குப் பொருந்தாதா?

மூன்றாம் காரணம்: கணக்கு

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சினிமா நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகிறது. ஒரு தாளத் தட்டுக்கு 12 சட்டம் என்று வைத்தால் நொடிக்கு இரண்டு தட்டு, நிமிஷத்துக்கு 120. எட்டுச் சட்டம் என்றால் நிமிஷத்துக்கு 180 தட்டு. 24 சட்டம் என்றால் 60. கார்ட்டூன் இயக்குநர்கள் இந்தக் கணக்கிலேயே யோசித்தார்கள். இசைத்தாள் மாதிரியே கோடு போட்ட ஒரு நீளத் தாளில் மேலே அசைவு, நடுவில் வசனம், கீழே இசை என்று எழுதி வைப்பார்கள். வாத்தியக்காரர்கள் காதில் ஒரு 'டிக் டிக்' ஒலியைக் கேட்டபடி அதற்குள் வாசிப்பார்கள்.

சாதாரணக் கார்ட்டூனில் படம் முதலில், இசை பிறகு. ஆபராக் கார்ட்டூனில் இது தலைகீழ். இசை ஏற்கெனவே இருக்கிறது, அதை நீட்டவோ வளைக்கவோ முடியாது. ஆகவே வரைபவர் இசைக்குள் போய் உட்காரவேண்டும். 'ராபிட் ஆஃப் செவில்' படத்தில் எல்மர் துப்பாக்கியோடு துரத்த, பக்ஸ் பன்னி திறந்தவெளி அரங்கத்தின் மேடைக் கதவுக்குள் நுழைகிறது. திரை விலகுகிறது, இசை ஆரம்பிக்கிறது, இனி நிறுத்த முடியாது. எல்மரைச் சலூன் நாற்காலியில் உட்காரவைத்து அந்த மொட்டைத் தலையில் பக்ஸ் செய்கிற ஒவ்வொரு தடவலும் ஒரு சுரத்தில் விழுகிறது. ரோஸினி இசையின் தனி அடையாளம், ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே சத்தத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போவது. படத்தின் கடைசியில் கோடாலி, பெரிய கோடாலி, துப்பாக்கி, பெரிய துப்பாக்கி, பீரங்கி என்று ஆயுதங்களும் அதே மாதிரி படிப்படியாகப் பெருத்துக்கொண்டே போகின்றன. இசையின் அமைப்பையே நகைச்சுவையின் அமைப்பாக மாற்றிவிட்டார்கள்.

அசைவும் இசையும் இப்படி ஒட்டிக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் 'மிக்கி மவுசிங்' என்றே பெயர் உண்டு. நம்ம மேடையில் அதைச் செய்பவர்தான் ஆல்ரவுண்டுக்காரர். கார்ட்டூன்காரர்கள் வாரக்கணக்கில் தாளில் எழுதிச் செய்ததை, அவர் பபூனின் காலை மட்டும் பார்த்து அந்த நொடியிலேயே செய்கிறார். மகளின் முதல் கேள்விக்கு இதுதான் பதில். அவள் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது.

நான்காம் காரணம்: எல்லோருக்கும் தெரிந்த பாட்டு

'கார்ட்டூன்தான் சாமானிய மக்களுக்கு ஆபராவை அறிமுகப்படுத்தியது' என்று அடிக்கடி எழுதுகிறார்கள். எங்கள் தலைமுறைக்கு அது உண்மை. 1990-களில் அருப்புக்கோட்டையில் கேபிள் வந்த வீட்டு வாசலில் நின்று பார்த்த எனக்கு, 'தி கேட் கான்செர்ட்டோ'வில் (1947) டாம் பூனை பியானோ வாசிப்பதுதான் லிஸ்ட் என்ற மேதையின் இசைக்கு முதல் அறிமுகம். அது லிஸ்டின் இசை என்பதே வேலைக்குப் போன பிறகுதான் தெரியும்.

ஆனால் இந்தப் படங்கள் வந்த காலத்தில் நிலைமை நேர்மாறு. கரூஸோ போன்ற பாடகர்களின் கிராமபோன் தட்டுகள் வீடுகளில் இருந்தன. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபராவின் நிகழ்ச்சிகள் 1931 முதல் வானொலியில் வந்தன. 'வில்லியம் டெல்' குதிரைப் பாய்ச்சல் 'லோன் ரேஞ்சர்' வானொலித் தொடரின் அடையாள இசை. ஊர்ப் பேண்டு குழுக்கள் வாசித்தன. பார்த்தவர்களுக்கு ஆபரா பிடித்ததோ இல்லையோ, மெட்டு தெரியும். எப்படி நடந்துகொள்வார்கள் என்பதும் தெரியும்: கொம்பு வைத்த தலைக்கவசம், பருத்த பாடகர், மூச்சு முட்ட ஒரே சுரத்தை இழுப்பது. தெரிந்ததைத்தானே கேலி பண்ண முடியும்?

சக் ஜோன்ஸ் இயக்கிய 'லாங் ஹேர்ட் ஹேர்' (1949) இதற்கு நல்ல உதாரணம். பக்ஸ் பன்னி காட்டில் பாஞ்சோ வாசித்துச் சந்தோஷமாகப் பாடுகிறது. பக்கத்து வீட்டில் சாதகம் பண்ணும் ஆபரா பாடகருக்கு அது இடைஞ்சல். வந்து முரட்டுத்தனமாக வாசிப்பை நிறுத்துகிறார். மூன்று தடவை. பிறகு அவருடைய கச்சேரியில், பெரிய இசை நடத்துநர் ஸ்டகோவ்ஸ்கி மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு பக்ஸ் மேடை ஏறுகிறது. பாடகரை ஒரே சுரத்தில் நிறுத்திவைத்து, அரங்கமே இடிந்து விழும்வரை விடுவதில்லை.

அதே ஜோன்ஸின் 'வாட்ஸ் ஆபரா, டாக்?' (1957) வாக்னரின் நான்கு இரவு, ஏறத்தாழ 15 மணி நேர 'ரிங்' ஆபராத் தொகுதியைக் கேலி செய்து, அவருடைய வேறு ஆபராக்களின் இசையையும் சேர்த்து, ஏழு நிமிஷத்துக்குள் அடக்குகிறது. வழக்கமாக ஒரு படத்துக்கு ஒதுக்கும் ஐந்து வாரம் இதற்குப் போதவில்லை. கூடுதல் நாட்களை வேறொரு படத்தின் கணக்கில் எழுதி ஒப்பேற்றியதாக ஜோன்ஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார். (டைம்ஷீட் நிரப்பும் அனைவரும் இங்கே ஒரு நிமிஷம் எழுந்து நிற்கவும்.) 1992-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. அதில் இசையைக் கெடுத்து வாசிக்கவில்லை என்பது முக்கியம். ஆர்க்கெஸ்ட்ரா முழு மரியாதையோடு வாசிக்கிறது. கேலி முழுக்கத் திரையில்தான்.

நம்ம பக்கத்துக் கணக்கு

தமிழில் இதற்கு ஈடாக என்ன என்று யோசித்தால் எனக்கு முதலில் வருவது கார்ட்டூன் இல்லை, என்.எஸ். கிருஷ்ணன். அதே 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அவருடைய 'கிந்தனார்' காலட்சேபம் வருகிறது. பாட்டு உடுமலை நாராயணகவி. கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திர'த்தின் நையாண்டி வடிவம் அது.

நந்தனார் கதை அன்றைக்கு எவ்வளவு பரவியிருந்தது தெரியுமா? கதாகாலட்சேபமாக அரை நூற்றாண்டுக்கும் மேல் பாடப்பட்டது. 1935-ல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே நடித்தார். 1942-ல் தண்டபாணி தேசிகர் நடித்து ஜெமினி எடுத்தது. பாட்டுகள் எல்லோர் வாயிலும் இருந்தன. அந்தப் பொதுச் சொத்தின் மேல்தான் என்.எஸ்.கே. ஏறி நின்றார். சிதம்பரம் போக ஏங்கிய நந்தனுக்குப் பதில், படிக்க ஏங்கும் கிந்தன். கோயிலுக்குப் பதில் பள்ளிக்கூடம். ரயிலேறிப் பட்டணம் போகிறான். பாகவதரின் சிப்ளாக்கட்டை, இழுப்பு, பின்பாட்டு எல்லாம் அப்படியே இருக்க, கதை போய்ச் சேரும் இடம் மட்டும் மாறிவிட்டது. பக்ஸ் பன்னி ஆபராவின் பந்தாவை உடைத்ததோடு நிறுத்திக்கொண்டது. கிந்தனார் அதே வடிவத்தை வைத்து, ஒடுக்கப்பட்டவனுக்கு எது விடுதலை என்ற கேள்வியைத் திருப்பிப் போட்டார்.

இன்னொன்று 'திருவிளையாடல்' (1965). மதுரைக்கு வந்து சவால் விடும் ஹேமநாத பாகவதராக டி.எஸ். பாலையா. 'லாங் ஹேர்ட் ஹேர்' பாடகரும் அவரும் ஒரே அச்சு: கர்வம் பிடித்த மேதை, கீழானவன் என்று நினைத்த ஆளிடம் தோற்கிறார். ஒரு வித்தியாசம் உண்டு. பக்ஸ் தந்திரத்தால் ஜெயிக்கிறது. இங்கே விறகு விற்க வந்த சிவன் இன்னும் நன்றாகப் பாடி ஜெயிக்கிறார். பாலையாவின் முகபாவம் நமக்குச் சிரிப்பு மூட்டும்போதும், அவருக்காகப் பாடிய பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில் கேலி துளியும் கிடையாது.

மூலம் மறந்தால்?

இப்போது மகளின் இரண்டாவது கேள்வி. பாட்டிமார் ஏன் சிரித்தார்கள்? அவர்களுக்கு மூலப் பாட்டு தெரியும். ராஜபார்ட் கம்பீரமாகப் பாடவேண்டிய இடத்தில் ரேஷன் அரிசி வந்து விழுந்ததும் சிரிப்பு வந்தது. அவளுக்கு மூலம் தெரியாததால் அது ரேஷன் கடை பற்றிய இன்னொரு பாட்டு. அவ்வளவுதான்.

மூலம் மறந்துபோனால் கேலிக்கு இரண்டு கதிதான். கார்ட்டூனுக்கு நேர்ந்தது மாதிரி, அடிதடிச் சிரிப்பு தனியாக உயிர் பிழைக்கும். இசை அடையாளம் தெரியாத பின்னணியாக ஒட்டிக்கொண்டு வரும். இல்லையென்றால் கிந்தனார் மாதிரி, முழுசாகவே விளங்காமல் போகும். என் அப்பாவோடு உட்கார்ந்து 'நல்லதம்பி' பார்த்தேன். அவர் சிரித்த இடங்களில் பாதியில் நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வருஷம் கழித்து அந்தப் பபூனின் பாட்டை ஒளிப்பதிவில் பார்ப்பவருக்கு, எதைக் கேலி செய்கிறார் என்று சொல்ல யார் இருப்பார்?

அன்றைக்கு விடியக்காலையில் நாடகம் முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு ஆர்மோனியக்காரரிடம் போனேன். பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க வாசித்த களைப்பு. விஷயத்தைச் சொன்னதும் மூடிய பெட்டியை மறுபடி திறந்தார்.

"என்னத்தா, புரியலையா? முதல்ல இதைக் கேளு. பெறகு பபூன் பாடுனதைப் பாடுதேன்."

மூலப் பாட்டை இரண்டு நிமிஷம் பாடினார். பிறகு ரேஷன் கடை. இந்தத் தடவை அவள் சிரித்தாள்.

வீட்டில் அதே வரிசையைத்தான் பின்பற்றினோம். முதலில் ரோஸினியின் முன்னிசை, படம் இல்லாமல், ஏழு நிமிஷம். நெளிந்துகொண்டேதான் கேட்டாள். அடுத்தது 'ராபிட் ஆஃப் செவில்'. பீரங்கி வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, "இப்ப சத்தம் கூடப்போகுதுப்பா" என்றாள். நீங்களும் வீட்டில் பிள்ளைகளோடு இந்த வரிசையில் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.